லிஸ்ட் அக்காவின் ஒரே ஆட்சேபணை

அவளுக்கும் அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த நாலைந்து தெருவில் யாரிடம் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். லிஸ்ட் அக்கா என்று கேட்டால்தான் வீட்டைக் கை காட்டுவார்கள். காலையில் அவளுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை. மூக்குத் துடைப்பது, பால் கலக்குவது, ஒன்றை இன்னொன்று கடித்துவிடாமல் பார்ப்பது. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் காலம் வந்துவிட்டால், மத்தியானத்துக்கு மேல் தோள்பையும் அட்டையும் நூல் கட்டிய பேனாவுமாகத் தெருவில் இறங்கிவிடுவாள். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பாள். இரண்டிலும் தலையை எண்ண வேண்டும், இரண்டிலும் யாராவது ஒருத்தர் அழுவார்கள்.

பட்டியல் வேலை என்றால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பேர் எழுதுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். பட்டியலில் உள்ள ஆள் வீட்டில் இருக்கிறாரா, வீடு மாறிவிட்டாரா, இல்லை உலகத்தையே காலி பண்ணிவிட்டாரா என்று பார்க்க வேண்டும். இறந்தவருக்கு ஒரு குறி, குடிபோனவருக்கு ஒரு குறி, இரண்டு ஊரில் பேர் வைத்திருப்பவருக்கு ஒரு குறி. பூட்டிய வீடு என்றால் மறுபடி போக வேண்டும். நாய் குரைக்கும். மாடியிலிருந்து "வீட்ல யாரும் இல்லை" என்று ஒரு குரல் வரும். யாரும் இல்லை என்றால் நீ யாரம்மா என்று கேட்கவும் முடியாது.

அவளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. கதவைப் பார்க்க மாட்டாள், துணி காயும் கொடியைப் பார்ப்பாள். ஆம்பிளைச் சட்டை காய்ந்தால் ஆம்பிளை இருக்கிறான். பள்ளிக்கூடத்து உடுப்பு காய்ந்தால் புதுசாக யாரோ குடிவந்திருக்கிறார்கள். "ஆளு பொய் சொல்லும், கொடி பொய் சொல்லாது" என்பது அவளுடைய வேதவாக்கு. இதைக் கேட்டுக் கேட்டு மற்ற சரிபார்ப்பாளர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்து, ஒருத்தி சாக்கடையில் காலை விட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

பேர் நீக்குவதில் அவள் மகா கறார். செத்தவர் பேரில் யாரோ வந்து வாக்குப் போட்டுவிட்டுப் போவது அவளுக்குப் பிடிக்காது. ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார். "அக்கா, அந்த மூலை வீட்டுப் பெரியவர் பேரு இந்த எலக்‌ஷன் மட்டும் இருக்கட்டுமே. பழுத்த கட்சிக்காரர்க்கா."

"அவரே நேர்ல வந்து கேக்கட்டும், வெச்சிடறேன்" என்றாள் லிஸ்ட் அக்கா. அந்த மனிதர் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் போய்விட்டார்.

கட்சிக்காரரை விரட்டலாம். அழுகிறவர்களை என்ன செய்வது? தையல் கடை வைத்திருந்த ஒருத்தி, புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, நீக்கல் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். "எல்லா இடத்துலயும் எடுத்துட்டாங்கக்கா. பேங்குல எடுத்தாச்சு, வேலை பாத்த இடத்துல எடுத்தாச்சு. இது ஒண்ணுல இருந்தா உங்களுக்கு என்ன நட்டம்?" லிஸ்ட் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கொடுத்த டீயைக் குடித்து, அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, கடைசியில் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். "இது பேர் எழுதி வெச்சுக் கும்பிடற இடம் இல்லைடி. இருக்கறவங்க கணக்கு" என்றாள். கல்நெஞ்சுக்காரி என்று தெருவில் பேச்சு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஊருக்குத்தான் இந்த நியாயமெல்லாம். அவள் வீட்டுக்கு வேறு நியாயம்.

அவள் வீட்டு எண்ணுக்கு நேராகப் பட்டியலில் மூன்று பேர். அவள், அவள் வீட்டுக்காரர், மகன். வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வீட்டை விட்டுப் போய் வருஷக்கணக்காகிறது. எங்கே இருக்கிறான் என்று ஒரு தகவலும் கிடையாது. நியாயப்படி முதல் வருஷமே 'குடிபோனவர்' என்று குறி போட்டு அடித்திருக்க வேண்டிய பேர். அவள் ஒவ்வொரு வருஷமும் 'தற்காலிகமாக வெளியூர்' என்று எழுதினாள். அதோடு விட்டாளா? மேற்பார்வைக்கு யாராவது வருகிற வாரத்தில், அலமாரியில் இருந்த மகனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிடுவாள். கொடி பொய் சொல்லாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, சொந்தக் கொடியைப் பொய் சொல்ல வைத்தவள் அவள்தான். சட்டையில் அழுக்கே இல்லாவிட்டாலும் சோப்புப் போட்டுத் துவைப்பாள்.

மகன் ஏன் போனான்? பெரிய புராணமெல்லாம் இல்லை. அப்பாவுக்கு அவனும் பணிமனைக்கு வர வேண்டும் என்று ஆசை. மேலதிகாரி வீட்டு வாசலில் நாயாய்க் காத்துக் கிடந்து ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். பையன் சில மாதம் போனான். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அன்றைக்கு மத்தியானம் வீட்டில் நடந்த சண்டையில் வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார் அப்பா. "போனவன் போனவனாவே இரு. இந்தா, கதவைச் சாத்துடி" என்றார். அவள் சாத்தினாள். கோபம் தணியட்டும், சாயந்திரம் வந்துவிடுவான் என்ற நினைப்பில் தாழ்ப்பாளையும் போட்டாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் அவன் காதிலும் விழுந்திருக்கும். அடித்துத் தள்ளியது அப்பாதான், ஆனால் கதவைச் சாத்தியது யார் என்று அவனுக்குத் தெரியும் அல்லவா? இந்த எண்ணம்தான் அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கையில்தான் அந்த வருஷத்துச் சரிபார்ப்புக் காலம் வந்தது. சூப்பர்வைசர் கணினியில் எடுத்த தாள்களை விநியோகித்தார். அவர் சின்ன வயசுக்காரர், நல்ல பிள்ளை. கழுத்தில் எந்நேரமும் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, தூங்கும்போதும் அதைக் கழற்ற மாட்டாரோ என்று தோன்றுகிற மாதிரி இருப்பார்.

"அக்கா, இந்தத் தடவை புதுசா ஒண்ணு வந்திருக்கு. ஒருத்தர் வேற ஊர்ல பேரைப் பதிஞ்சா, கம்ப்யூட்டரே மூஞ்சியப் பாத்து, பழைய ஊர்ல இருந்தா பிடிச்சிடும். ரெட்டைப் பதிவுன்னு நமக்கு வந்துடும். நீங்க போய்ப் பழைய வீட்ல விசாரிக்கணும். ஆள் இங்க இல்லைன்னா இங்க அடிச்சிடலாம், அங்க நிக்கும். இல்லை, இங்கதான் இருக்காருன்னா ஆட்சேபணை எழுதணும்."

"ஆட்சேபணை எழுதினா?"

"நம்ம ஆபீஸ்ல விசாரணை வெப்பாங்க. ஆளே நேர்ல வந்து, நான் எங்க இருக்கேன்னு சொல்லணும்."

அவள் தாள்களை வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து புரட்டினாள். தெரிந்த பேர், தெரியாத பேர் என்று போய்க்கொண்டே இருந்தவள், ஒரு வரியில் நின்றுவிட்டாள். மகன் பேர். அப்பா பேர் சரி. பிறந்த தேதி சரி. அவள் வீட்டு எண். பக்கத்தில் பழைய படம், கல்லூரிக் காலத்தில் எடுத்தது. அதற்குப் பக்கத்தில் புதுப் படம். கட்டை விரல் நகம் அளவுதான் இருக்கும், கறுப்பு வெள்ளை, அச்சு வேறு கலங்கியிருந்தது. தாடி வைத்திருந்தான். கண்ணாடி போட்டிருந்தான். எப்போது கண்ணாடி போட்டான்? யார் கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைக் காட்டினார்கள்?

இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். லிஸ்ட் அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு விம்மினாள். சோடா விற்கிறவர் ஓடிவந்து "வெயிலாக்கா?" என்று கேட்டார். "ஆமாங்க, வெயிலு" என்றாள்.

தாளில் ஊர் பேர் இருந்தது. ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய துறைமுக நகரம். தெருவும் வீட்டு எண்ணும் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரப் புள்ளிகள். அடுத்த நாளே சூப்பர்வைசரைப் பிடித்தாள்.

"தம்பி, இந்தப் புது அட்ரஸ் என்னன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுப்பா."

"அது நமக்குக் காட்டாதுக்கா. எனக்கே தெரியாது. யாராவது போய்த் தொந்தரவு குடுத்துடுவாங்கன்னு மறைச்சிட்டாங்க. நமக்கு எதுக்கு? இங்க இருக்காரா, இல்லையா, அவ்வளவுதான்."

என் பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், இத்தனை வருஷம் 'தற்காலிகமாக வெளியூர்' என்று எழுதியது யார் கை என்ற கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தாளை வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பார்த்தார். "தாடி எதுக்கு இவனுக்கு?" என்றார். அப்புறம் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு காரியமும் இல்லாமல் போய்த் தண்ணீர்க் குழாயைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுகாத குழாய் அது.

அந்த வாரம் முழுக்க அவள் அந்த வரியைத் தாண்டித் தாண்டி மற்ற வரிகளை முடித்தாள். கடைசியில் மிஞ்சியது அது ஒன்றுதான். ஒரு குறி போட்டால் தீர்ந்தது. 'இங்கு இல்லை.' அவன் அங்கே நிம்மதியாகப் பட்டியலில் நிற்பான், இவளுக்கு அந்த நகத்தளவுப் படம் மிச்சம். இன்னொரு பக்கம் அந்த வார்த்தை. ஆளே நேர்ல வந்து சொல்லணும். நேரில். இந்த ஊருக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஆபீசுக்கு.

பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? அத்தனை வருஷம் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவள், நூல் கட்டிய பேனாவை எடுத்து எழுதினாள்: 'மேற்படி நபர் இந்த முகவரியில்தான் வசிக்கிறார். ஆட்சேபணை உண்டு.' அவள் வேலைக்காலத்தில் எழுதிய முதல் ஆட்சேபணை அது.

"என்னடி பண்ணித் தொலைச்சே?" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க தள்ளினீங்க. நான் கூப்பிடறேன்" என்றாள்.

விசாரணை நாள் குறித்து இரண்டு ஊருக்கும் நோட்டீஸ் போனது. அவள் காப்பகத்தில் லீவு சொன்னாள். வீட்டை ஒட்டடை அடித்தாள். அவன் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினாள். ஒரு நாள் தங்க மாட்டானா? கோபமாக இருந்தாலும் ஒரு வாய் சாப்பிடாமலா போய்விடுவான்? திட்டட்டும். வாசலில் நின்று நாலு தெருவுக்குக் கேட்கத் திட்டட்டும். எதிரில் நின்று திட்டுகிற பிள்ளையின் கையைப் பிடித்துவிடலாமே. எத்தனையோ விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டாள், கண்ணாடி முன்னால் நின்றுகூட. "வாப்பா" என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை வரவில்லை.

வீட்டுக்காரர் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "நான் எதுக்கு? என் மூஞ்சியப் பாத்தா அப்படியே திரும்பிடுவான்." அவள் தனியாகத்தான் போனாள். ஆபீஸ் நடையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பேர் விட்டுப்போனவர்கள், பேர் தப்பாய் விழுந்தவர்கள், உயிரோடிருக்கும்போதே அடிபட்டுப்போன ஒரு பெரியவர். அந்தப் பெரியவர் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நான் செத்துட்டேன் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாசலையே பார்த்தாள். தாடி வைத்தவன் எவன் வந்தாலும் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தாள். அப்போதுதான் தெருவுக்கு எதிர்ப்பக்கம், டீக்கடை மறைவில் வீட்டுக்காரர் நிற்பது தெரிந்தது. முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, கையில் இருந்த டீயைக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

வெயில் ஏறிற்று. பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்தது. செத்துப்போன பெரியவர்கூட உயிர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசியில் கடைநிலை ஊழியர் வாசலுக்கு வந்து மகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். உரக்க, நடை முழுக்கக் கேட்க. அந்தப் பேரை யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டு அவள் கேட்டு எத்தனை காலம்! மறுபடி கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிட்டுவிட்டு, "ஆளில்லை" என்று உள்ளே போனார்.

உள்ளே அதிகாரி, பின்னாலேயே வந்த அவளைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்கதான் ஆட்சேபணை குடுத்தவங்களா? எதிர்த்தரப்பு வரலை. உங்க ஆட்சேபணையை ஏத்துக்கறேன். அந்த ஊர்ல இருக்கற பதிவை நீக்கறோம். இங்க இருக்கறது அப்படியே இருக்கும்."

"சார், வேற ஒரு தேதி..."

"எதுக்கு?"

"லேட்டா வரலாம் சார். ரயிலு... தூரத்து ஊரு."

"அம்மா, நீங்கதானே அவர் இங்கதான் இருக்காருன்னு எழுதியிருக்கீங்க? இங்க இருக்கறவர் எதுக்கு ரயில்ல வரணும்?"

அவள் கண் பொலபொலவென்று ஊற்றியது. அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "தீர்ப்பு உங்க பக்கம்தாம்மா வந்திருக்கு. இதுக்கு எதுக்கு அழறீங்க?" என்று தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் ஆகாத காரியம் எவ்வளவோ இருக்கிறது.

அவளும் வீட்டுக்காரரும் தெருவின் இரண்டு பக்கத்திலுமாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள்.

இறுதிப் பட்டியல் அச்சாகி வந்தது. அவள் வீட்டு எண்ணுக்கு நேராக மூன்று பேரும் இருந்தார்கள். குடும்பம் பட்டியலில் சேர்ந்தே இருந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதை, பாவம், அவள் இன்னும் முழுசாக உணரவில்லை. வராவிட்டால் போகிறான், பேராவது நம் வீட்டில் இருக்கிறதே என்றுகூட ஒரு மனம் சொல்லிற்று. அந்த அற்ப ஆறுதலும் ஒரு வாரம் நிற்கவில்லை.

காப்பகத்துக் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் அவள் போன் அடித்தது. சரிபார்ப்பாளர் எண் என்று நோட்டீஸில் அவள் எண்ணைத்தான் அச்சடித்திருப்பார்கள். புது எண். ஒரு பெண் குரல்.

"மேடம், நீங்கதானே அந்த ஏரியா லிஸ்ட் பாக்கறவங்க? ஒரு விஷயம் கேக்கணும். எங்க வீட்டுக்காரர் பேரை இங்க எடுத்துட்டாங்க. அங்கதான் இருக்காருன்னு யாரோ ஆட்சேபணை குடுத்திருக்காங்களாம்." பேரைச் சொன்னாள். தேவையே இல்லை, ஆட்சேபணை என்ற வார்த்தையிலேயே இவளுக்குத் தெரிந்துவிட்டது.

லிஸ்ட் அக்கா வராண்டாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லும்மா" என்றாள்.

"என்னத்தைச் சொல்றது? இங்க லிஸ்ட்ல அப்பா பேர் இருந்தாத்தான் பையனை இந்த ஏரியா பள்ளிக்கூடத்துல எடுப்பாங்க. எனக்கு இன்னும் பதியலை, இவர் பேரை வெச்சுத்தான் எழுதிப் போட்டிருந்தோம். இப்ப இல்லைன்னுட்டாங்க." பின்னால் ஒரு குழந்தை, போனை எனக்குத் தா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. "இருடா... சும்மா இரு, அம்மா பேசறேன்ல..."

"பையனா?" என்றாள்.

"ஆமா மேடம். ஒரே வாலு."

லிஸ்ட் அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். "விசாரணைக்கு உங்க வீட்டுக்காரர் வந்திருக்கலாமேம்மா?" என்று கேட்டாள்.

"நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், போயிட்டு வாங்கன்னு. நோட்டீஸைக் கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். அப்புறம், அங்க எனக்கு யாரும் இல்லை, நான் எதுக்குப் போகணும்னுட்டார். அவருக்குச் சின்ன வயசுலயே எல்லாரும் போயிட்டாங்க மேடம். அந்த வீட்ல இப்ப யாருதான் இருக்காங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வாள்? நான்தான் அவன் அம்மா என்று சொல்ல வேண்டும். சொன்னால் அதே மூச்சில், நான்தான் அவன் பேரை அடிக்க வைத்தவள் என்றும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க வழியே இல்லை. அதோடு, புருஷன் பொய் சொல்லியிருக்கிறான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தால் அங்கே வேறு ஒரு கதவு அறைந்து சாத்தப்படுமோ என்ற பயம்.

"ஒரு வயசான புருஷன் பொண்டாட்டி இருக்காங்கம்மா" என்றாள்.

"அவங்ககிட்டயாவது சொல்லி, இந்த ஆள் இங்க இல்லைன்னு எழுதி வாங்கிக் குடுத்துடுங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவங்களுக்கு என்ன, முன்ன பின்ன தெரியாத ஆளு, ஒரு கையெழுத்துதானே?"

"வாங்கித் தர்றேம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு, என்ன?" என்றார்.

"மருமக பேசினா."

அவர் சட்டென்று எழுந்து நின்றார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்தார். பேரன் இருப்பதைச் சொன்னாள். வாலுப் பையன் என்பதைச் சொன்னாள். கடைசியில் கையெழுத்து விஷயத்தையும் சொன்னாள். கிழவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். 'மேற்படி நபர் இந்த வீட்டில் வசிக்கவில்லை' என்று எழுத அவருக்கு வெகு நேரம் பிடித்தது. உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை அவளிடம் தள்ளிவிட்டார். அவள் 'தாய்' என்று எழுதினாள். கீழே, விசாரித்து உறுதி செய்தவர் என்ற இடத்திலும் அவளே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த நாள் சூப்பர்வைசர் அந்தத் தாளைப் படித்தார். உறவைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கழுத்து அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அக்கா... இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"புத்தி கெட்டுப் போச்சுப்பா. இப்ப அடிச்சிடு. இங்க அடிச்சுட்டு அங்க சேத்துடு. என் வேலை போனாலும் பரவாயில்லை."

"தேர்தல் தேதி அறிவிச்சாச்சுக்கா. லிஸ்ட் பூட்டியாச்சு. இனி ஒரு புள்ளி வெக்க முடியாது, நான் இல்லை, எங்க பெரிய ஆபீசரே நினைச்சாலும் முடியாது. தேர்தல் முடியட்டும். அடுத்த சரிபார்ப்புல முதல் பேரா இதை எடுத்துக்கறேன்."

"பள்ளிக்கூடம் அதுக்குள்ள திறந்துடுமேப்பா."

அவர் குனிந்துகொண்டார். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்தவளுக்கு யார்தான் என்ன சொல்ல முடியும்? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த ஆபீசுக்கும் ஏறினாள். அன்றைக்குத் தண்ணீர் கொடுத்த அதே அதிகாரி, அதே மாதிரி தண்ணீர் கொடுத்தார், அதே பதிலைச் சொன்னார்.

அந்தப் பெண் மறுபடி கூப்பிடும் வரை காத்திருக்க அவளுக்கு மனம் இல்லை. அவளே கூப்பிட்டாள். எழுதி வாங்கியாச்சு, ஆனால் தேர்தல் முடிகிற வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா என்றாள். பள்ளிக்கூடத்தில் பேசிப் பாருங்களேன் என்றாள். வேறு பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லையா என்றாள். தான் பேசுவது தனக்கே கேவலமாக இருந்தது.

அந்தப் பெண் வெடித்துவிட்டாள்.

"இல்லாத ஆளை இருக்கான்னு எழுதறதுக்கு மட்டும் நேரம் இருக்கு உங்களுக்கு. விசாரிக்காமயே எழுதியிருக்கீங்க! ஒரு பிள்ளையோட படிப்பே போச்சு. சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்கற உங்களுக்கு இதெல்லாம் எங்க புரியும்? உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்து, அதுக்கு இப்படி ஒருத்தி பண்ணியிருந்தாத்தான் அந்த வலி தெரியும்!"

"ஆமாம்மா" என்றாள் லிஸ்ட் அக்கா.

அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அந்தப் பெண் போனை வைத்துவிட்டிருந்தாள்.